பொய் சொன்னால் எரியும் கிரீடம்

பெண் கேட்டுப் போனால் பையனிடம் என்ன விசாரிப்பார்கள்? வேலை, வீடு, கெட்ட பழக்கம், இதைத்தானே? ராஜபார்ட் இதில் எதையும் கேட்கவில்லை. பெரிய மனசு. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பிக்குக் கைவேலை ஏதாவது தெரியுமா?"

ராஜபார்ட் என்றதும் யாரோ என்று நினைத்துவிடாதீர்கள், கண்ணுகளா. பேனா, பென்சில், நோட்டு விற்கிற கடைக்காரர்தான். வருடம் ஒருமுறை தெருக்கோடி மன்றத்தில் நாடகம் போடுவார். எழுதுவது அவர், இயக்குவது அவர், ராஜா அவர். மீதி வேடங்களுக்கு எல்லோரையும் கலந்து பேசி அவரே ஆள் எடுப்பார். கடையில் ஒரு ரப்பர் கேட்டாலும் புருவத்தை ஏற்றி இறக்கித்தான் கொடுப்பார். தெருக்காரர்கள் கேலிக்கு வைத்த பெயர் அது. அவர் அதைப் பட்டம் என்று வாங்கிக்கொண்டார்.

கைவேலையில் அவருக்கு அப்படி ஒரு பிடிவாதம் வந்ததற்குக் காரணம் மூத்த மருமகன். அவர் வீட்டில் பல்பு ஃபியூஸ் ஆனால் மாமனாருக்குப் போன் வரும். மாமனார் ஸ்டூலோடு பஸ் ஏறுவார். ஸ்டூலை எதற்குத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள் என்று ஒருமுறை மனைவி கேட்டதற்கு, "அவன் வீட்டு ஸ்டூல் ஆடுது. அதையும் நான்தான் சரி பண்ணணும்" என்றார். அதனால் இரண்டாவது மகளுக்கு வருகிறவன் கையில் தொழில் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தார்.

வந்தவனோ லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். கணக்கர் என்றே வைத்துக்கொள்வோம். ராஜபார்ட்டின் சின்ன மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். ஊசி முனை அளவு திருப்புளியால் ஃபிரேமுக்குக் கால் மாட்டுவாள். கணக்கருடைய கண்ணாடிக்கு மட்டும் கால் கழன்றுகொண்டே இருந்தது. கண்ணாடி பாவம், அது நல்ல கண்ணாடிதான். கழற்றுகிற ஆள் வேறு. இப்படித்தான் விஷயம் வளர்ந்து பெண் கேட்கும் அளவுக்கு வந்து நின்றது.

"தெரியும் சார்" என்றார் கணக்கர். எது தெரியும் என்று அவருக்கே தெரியாது.

ராஜபார்ட்டின் முகம் மலர்ந்தது. இந்த வருட நாடகத்தில் ராஜாவுக்கு ஒரு சாபம். பொய் சொன்னால் தலையில் இருக்கிற கிரீடத்தில் சிவப்பு விளக்கு எரியும். உண்மை பேசினால் இருட்டாக இருக்கும். "உள்ளங்கையில ஒரு ஸ்விட்ச். பொய் வசனம் வரும்போது நான் அமுக்குவேன், எரியணும். விட்டா அணையணும். செஞ்சு குடுங்க தம்பி. சரியா வந்துச்சுன்னா மத்ததைப் பேசுவோம்."

"வரலைன்னா?" என்றார் கணக்கர். இதைக் கேட்டிருக்க வேண்டாம்.

"வரலைன்னா டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றார் ராஜபார்ட். டீ அதற்குள் ஆறிவிட்டிருந்தது.

வாசல் வரை வந்த சின்ன மகள் மெதுவாக, "நான் பண்ணித் தரட்டுமா?" என்று கேட்டாள். கணக்கருக்கு ரோஷம் வந்தது. ஆண்களுக்கு இந்த ரோஷம் எங்கிருந்துதான் வருமோ, வேலை தெரியாத இடத்தில் மட்டும் தவறாமல் வந்துவிடும். "நானே பாத்துக்கறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருடைய அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜை பட்டறையானது. அட்டையில் வெட்டித் தங்கக் காகிதம் ஒட்டிய கிரீடம், சின்ன சிவப்பு எல்இடி, பட்டன் பேட்டரி இரண்டு, அதை மாட்டுகிற டப்பா, மெல்லிய ஒயர், எல்இடி கருகாமல் இருக்கக் கடைக்காரர் சேர்த்துக் கொடுத்த ரெஸிஸ்டர், அமுக்குகிற ஸ்விட்ச், இரவல் வாங்கிய சால்டரிங் அயர்ன். பரப்பி வைத்தபோது பார்க்க ரொம்ப நன்றாக இருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

முதலில் ஸ்விட்ச்சுக்கு ஈயம் வைத்தார். நன்றாக ஒட்டட்டும் என்று அயர்னை அழுத்தியே பிடித்திருந்தார். ஈயம் ஒட்டியது. ஸ்விட்ச் உருகியது.

"என்னடா கருகுற நாத்தம்?" என்று அக்கா வந்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. ஸ்விட்ச்."

"செத்துப்போச்சா?"

"கொஞ்சம்."

கடை ஞாயிறு மதியத்தோடு மூடிவிடும். நாடகம் மறுநாள் சாயங்காலம். திங்கட்கிழமை லாரி ஆபீஸில் லீவு கேட்பதற்கு ராஜபார்ட்டிடம் பெண் கேட்பதே மேல். கணக்கர் வீட்டையே கண்ணால் துழாவினார். பின்கட்டில் அக்காவின் பழைய ஃபிரிட்ஜ் நின்றது. ஓடுவதை எப்போதோ நிறுத்திவிட்டு, இப்போது செருப்பு அலமாரியாக உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தார். செருப்புகளுக்கு மேலே, கதவு வந்து இடிக்கிற ஓரத்தில், வெள்ளையாக ஒரு குமிழ். அமுக்கினால் உள்ளே போகிறது, விட்டால் வெளியே வருகிறது. இதைவிட என்ன வேண்டும்?

"அக்கா, இந்த ஸ்விட்ச்சை எடுத்துக்கவா?"

"எடுத்துக்கோ. செருப்புக்கு லைட்டு எதுக்கு?"

இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஃபிரிட்ஜ் விளக்கு எப்போது எரியும்? கதவு திறந்திருக்கும்போது. அப்போது அந்தக் குமிழை யாரும் அமுக்குவதில்லை. கதவு மூடினால் குமிழ் அமுங்கும், விளக்கு அணையும். அதாவது அது அமுக்கினால் அணைகிற ஸ்விட்ச். உங்களுக்குப் புரிந்துவிட்டது. பெண் கேட்கிற நிலையில் நீங்கள் இல்லை, அதனால்தான்.

கணக்கர் எல்லாவற்றையும் இணைத்தார். எரியவில்லை. பேட்டரியை மாற்றினார். ஒயரைப் பிரித்து மறுபடி சேர்த்தார். எல்இடியை முறைத்தார். கடைசியில் கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது: நீளக் கால் பிளஸ்ஸுக்கு. திருப்பி வைத்தார். பளிச்சென்று சிவப்பாக எரிந்தது.

"அக்கா! எரியுது!"

அக்கா ஓடி வந்தாள். இருவரும் தீபத்தைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஸ்விட்ச் மேஜை மேல் தன் பாட்டுக்குக் கிடந்தது. அதை யாரும் தொடவில்லையே, பின்னே எப்படி எரிகிறது என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. பேட்டரி வீணாகப் போகுமே என்று கணக்கர் அதை உடனே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சிக்கனமான பிள்ளை.

மறுநாள் மன்றத்தில் கிரீடம் ராஜபார்ட்டின் தலையில் ஏறியது. ஒயர் பின்கழுத்து வழியாக அங்கிக்குள் இறங்கிக் கை வழியாக உள்ளங்கைக்கு வந்தது. சின்ன மகள் அங்கே ஸ்விட்ச்சைத் துணிப்பட்டையால் கட்டிவிட்டாள்.

"ஒருதடவை போட்டுப் பாத்துடலாம்பா."

"ஒத்திகையெல்லாம் புதுசா நடிக்க வர்றவங்களுக்கு" என்றார் ராஜபார்ட். அதே சமயம் பயத்தில் கையை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். கணக்கர் கிரீடத்தில் பேட்டரியை மாட்டினார். விளக்கு எரியவில்லை. எரியக் கூடாதுதானே? எல்லோருக்கும் திருப்தி. திரை விலகியது.

மேடை நடுவில் வந்து ராஜபார்ட் கையை விரித்து உயர்த்தினார்.

"என் அன்பிற்குரிய குடிமக்களே!"

கிரீடம் சிவப்பாக எரிந்தது.

கூட்டத்தில் யாரோ களுக்கென்றார்கள். சாபத்தைப் பற்றித் தொடக்கத்திலேயே கட்டியக்காரன் சொல்லியிருந்தான், ஆகவே எல்லோருக்கும் அர்த்தம் தெரியும். "உங்களில் ஒருவனாகவே நான் வாழ்கிறேன்!" எரிந்துகொண்டே இருந்தது. "மகாராணியைத் தவிர வேறு பெண்ணை நான் ஏறிட்டும் பார்த்ததில்லை!" மன்றம் அதிர்ந்தது. முன்வரிசையில் அவர் மனைவி, "அப்படியா சங்கதி" என்று சத்தமாகவே சொன்னாள்.

தன் தலையைத் தானே பார்க்க முடியாதல்லவா? இன்றைக்கு நடிப்பு பிரமாதம் போலிருக்கிறது என்று ராஜபார்ட் குரலை இன்னும் ஏற்றினார். திரைக்குப் பக்கத்தில் வசனம் எடுத்துக்கொடுக்க நின்ற சின்ன மகளுக்கு ஒரே பார்வையில் விளங்கிவிட்டது.

"அப்பா, அமுக்கியே புடிங்க! பொய்க்கு விடுங்க!"

நடிக்கும்போது ராஜபார்ட் காதில் யார் சொல்வதும் விழாது. மற்ற நேரத்திலும் அப்படித்தான்.

பிறகு பொய் வசனம் வந்தது. "கஜானாவில் நான் கை வைத்ததே இல்லை!" என்று அழுத்தம் திருத்தமாகச் சொல்லி, அதே அழுத்தத்தோடு குமிழையும் அமுக்கினார். விளக்கு பட்டென்று அணைந்தது. அவ்வளவுதான், கூட்டம் எழுந்து நின்று விசிலடித்தது. மன்றம் தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு கைதட்டல் யாரும் கேட்டதில்லை.

திரைக்குப் பின்னால் கணக்கர் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். "போச்சு. எல்லாம் போச்சு."

"எந்த ஸ்விட்ச் அது?" என்றாள் சின்ன மகள்.

"அக்கா வீட்டு ஃபிரிட்ஜ்."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா அழுகையை அடக்குகிறாளா என்று கண்டுபிடிக்கக் கணக்கருக்குத் தைரியம் இல்லை. "சரி, கேளுங்க. ஜனம் சிரிச்சிருக்கு. அப்பா கேட்டா, வேணும்னேதான் அப்படி வச்சேன், புது யோசனைன்னு சொல்லுங்க. என்ன சொல்வீங்க?"

"புது யோசனை."

"தலையைக் குனியாம சொல்லுங்க."

"புது யோசனை" என்று சொல்லும்போதே தலை குனிந்தது.

நாடகம் முடிந்து ஒப்பனை அறை நிரம்பிவிட்டது. யாரோ ஒருவர், "ராஜா நல்லது பேசறப்பல்லாம் எரியுது, திருடறப்ப மட்டும் அணையுது! எப்படிங்க தோணிச்சு?" என்று கேட்டார். ராஜபார்ட்டுக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. கண் ஒருமுறை கிரீடத்துக்குப் போய் வந்தது. அடுத்த நொடியே புருவம் ஏறிவிட்டது. "அதெல்லாம் பல வருஷமா உள்ளுக்குள்ள ஓடிட்டிருந்த சிந்தனைங்க" என்றார்.

கூட்டம் கலைந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கணக்கரைக் கூப்பிட்டார். மனைவியும் மகளும் சுவரோரம் நின்றார்கள்.

"தம்பி. இது எப்படி இப்படி ஆச்சு?"

சின்ன மகள் கண்ணைக் காட்டினாள். கணக்கர் வாயைத் திறந்தார். லாரி ஆபீஸில் தப்புக் கணக்கு எழுதச் சொன்னபோதெல்லாம் வராத பொய் இங்கே மட்டும் வந்துவிடுமா?

"தெரியாம நடந்துடுச்சு சார். ஸ்விட்ச் உருகிடுச்சு. ஃபிரிட்ஜ் ஸ்விட்ச் போட்டேன். அது தலைகீழா வேலை செய்யும்னு எனக்குத் தெரியாது. யோசிச்சுச் செய்யலை."

"யோசனையே இல்லையா?"

"துளிகூட இல்ல சார்."

"வேற யாருகிட்டயாவது உங்க யோசனைன்னு சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல சார். அது என் யோசனை இல்லையே."

ராஜபார்ட் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். நாடகம் எழுதுகிற, இயக்குகிற, நடிக்கிற ஒரு வீட்டில் இன்னொரு மூளை வந்து சேர்ந்தால் என்ன ஆவது என்ற கவலை அவருக்கு இருந்திருக்க வேண்டும். அது இப்போது அடியோடு நீங்கிவிட்டது.

"அதான் பாத்தேன்" என்றார் சந்தோஷமாக. "இதெல்லாம் உங்களுக்கு எங்க தோணப்போவுது! சரி விடுங்க மாப்ள, தப்பு நடக்கறதுதான்."

மாப்ள என்ற சொல் அறைக்குள் விழுந்ததும் சின்ன மகள் சட்டென்று திரும்பி, மடித்து வைத்த அங்கியை மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.

"ஆனா கைவேலை சரியா வரலியே?" என்று ராஜபார்ட் தனக்குத்தானே ஒரு ஆட்சேபம் எழுப்பிக்கொண்டார்.

அவர் மனைவி பெருமூச்சு விட்டாள். "பெரிய மாப்ள எதையும் தொடவே மாட்டாரு. இவரு தப்பாவாச்சும் செய்யறாரே. விடுங்க."

"அதுவும் சரிதான். மாப்ள, நாளைக்கு வீட்டுப் பக்கம் வாங்க. காலிங்பெல் ரொம்ப நாளா அடிக்கறதில்ல."

"வர்றேன் சார்" என்றார் கணக்கர். பிறகு சுதாரித்துக்கொண்டு, "வர்றேன் மாமா" என்றார்.

படியிறங்கும்போது சின்ன மகள் பின்னாலேயே வந்தாள்.

"நான் என்ன சொல்லிக் குடுத்தேன், நீங்க என்ன சொன்னீங்க?"

"வரலைங்க. நிஜமாவே வாய்ல வரலை."

"நல்லவேளை" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு நான் கடையிலேர்ந்து வந்தப்புறம் வாங்க. அதுக்கு முன்னாடி எங்க வீட்டு ஒயர் எதையும் தொட்டுடாதீங்க" என்றாள்.