வெள்ளிக்கிழமை ஒரு கிலோ

நூகுவுக்கு ஐம்பத்தோரு வயது. அவருடைய வாப்பா ஐம்பத்திரண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அதனால்தான் டாக்டர் கார்முகில், "கொலஸ்ட்ரால் இருநூத்தி ஐம்பத்தெட்டு. மூணு மாசம் சாப்பாட்டக் கட்டுப்படுத்தி நடங்க. அப்பறம் மாத்திரையப் பத்தி யோசிப்போம்" என்றபோது மனிதருக்குச் சப்தநாடியும் ஒடுங்கிவிட்டது.

பயம் சாவுக்கு மட்டுமல்ல. கல்யாணமான மறுமாதமே துபாய்க்கு விமானம் ஏறியவர் அவர். இருபத்தாறு வருஷத்தில் அமீர் நிஷாவோடு சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் மூன்று வருஷம் தேறாது. இப்போதுதான் துபாயை விட்டுக் காரைக்காலுக்கே வந்துவிட்டார். மகன் இஃபாத் தோஹாவில். வீட்டில் இவர்கள் இரண்டே பேர். இனிதான் குடும்பமே நடத்த வேண்டும். அதற்குள் போய்ச் சேர்ந்தால் நியாயமா?

"பாத்துக்கிட்டே இரு நிஷா. இயற்கையாவே எறக்கிக் காட்டுறேன்" என்று சபதம் போட்டார்.

போட்டவர் சும்மா இருந்தாரா? ஊரையே ஒரு வழி பண்ணிவிட்டார். சுபுஹுத் தொழுகை முடிந்ததும் கடற்கரைச் சாலையில் வேகநடை. காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் கையளவு சோறும் தட்டு நிறையக் கீரையும் ஒரு துண்டு மீனும், ராத்திரிக்குக் கொள்ளுச் சுண்டல். பரோட்டாக் கடையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதிரில் வந்தவரையெல்லாம் நிறுத்தி, கொள்ளுப் பயறின் மகிமையை ஓதினார். பழைய கூட்டாளி சஃபியுல்லா, இவர் தலை தெரிந்தாலே சந்து மாறிப் போனார்.

ஒன்றை மட்டும் மாற்றவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் முகைதீன் பிச்சையின் கடையில் கொழுப்போடு ஒரு கிலோ ஆட்டுக்கறி. அவர் துபாயில் இருந்த காலத்தில் மச்சினன் வாங்கிக் கொடுத்தான். இப்போது அவரே போகிறார். அரைக் கிலோ கேட்டால் கடையில் நிற்கிற நாலு பேர் என்ன நினைப்பார்கள்? வெளிநாட்டில் சம்பாதித்த சபுராளி நொடித்துப்போனார் என்று ஜும்ஆவுக்கு முன்னால் ஊர் பேசாதா? கொள்ளு தின்பது பெருமை, அரைக் கிலோ வாங்குவது கேவலம். அப்படி ஒரு கணக்கு!

அமீர் நிஷாவும் வழக்கம்போல அத்தனையையும் போட்டு ஆணம், அதுதான் கறிக்குழம்பு, காய்ச்சினாள். நூகு சட்டியைத் தள்ளிவைத்து, "பாத்தியா, மனக்கட்டுப்பாடு!" என்று மார்தட்டிக்கொண்டார். சட்டியில் இருந்தது எங்கே போகிறது என்று ஒரு நாளாவது கேட்டாரா? இல்லை.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போகும்போது, வெற்றிக்குச் சாட்சியாக அவளையும் கூட்டிப்போனார். மாடிப்படி ஏறுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. அதைக் கவனித்த கார்முகில், "நீங்களும் ரத்தம் குடுங்கம்மா" என்றார்.

மறுநாள் முடிவு வந்தது. நூகுவுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு.

"அல்ஹம்துலில்லாஹ்!" மனிதர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். யாரிடம் முதலில் பீற்றிக்கொள்ளலாம் என்று யோசிப்பதற்குள் டாக்டர் அடுத்த தாளை எடுத்தார். அமீர் நிஷாவுக்கு இருநூற்று எழுபத்தொன்று.

"என்னம்மா சாப்புடுறீங்க?"

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இவங்க தொடாம வச்சதத்தான் டாக்டர். கறிய வீணாக்கினா பாவமில்லையா? ஞாயித்துக்கெழம வரைக்கும் சுட வச்சுத் தின்னு தீத்துருவேன்."

"கம்மியா வாங்குங்கன்னு சொல்லியிருக்கலாமே நிஷா?" என்றார் நூகு.

"எப்புடிச் சொல்லுவேன் மச்சான்? இத்தன வருஷமா ஒங்க காசுலதான் கறி வந்துச்சு. இப்பத்தான் ஒங்க கையால வருது."

நூகு உட்கார்ந்துவிட்டார். அவர் இறக்கிய கொழுப்பு வீட்டு வாசலைத் தாண்டவே இல்லை, எதிர்த் தட்டுக்குத்தான் போயிருக்கிறது. அவருக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. டாக்டர் நூகுவுக்குக் கொடுத்த அதே உணவுப் பட்டியலில் அவள் பெயரை எழுதி நீட்டினார். இந்த முறை மாத்திரையும் சேர்த்து.

அடுத்த வெள்ளிக்கிழமை கறிக்கடையில் நல்ல கூட்டம். சஃபியுல்லாவும் நின்றார்.

"வாங்க நானா, ஒரு கிலோதானே?" முகைதீன் பிச்சை கத்தியை எடுத்துவிட்டார்.

"கால் கிலோ. கொழுப்பில்லாம."

கத்தி அப்படியே நின்றது. கடையே திரும்பிப் பார்த்தது. "என்ன நானா, வீட்ல ஆள் இல்லையா?"

"இருக்கா" என்றார் நூகு, கடை முழுக்கக் கேட்கும்படி. "இன்னும் ரொம்ப நாளைக்கு இருக்கணும். கால் கிலோ போடுங்க."