ஓடிபி ஸ்ரீராமுக்குப் போகிறது

ஞாயிற்றுக்கிழமை இரவோடு என் இணையதளப் பெயரின் கெடு முடிகிறது. திங்கட்கிழமை எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வு தொடங்குகிறது. உப்புப் பகுப்பாய்வுக் குறிப்புகள் எல்லாம் அந்தத் தளத்தில்தான் இருக்கின்றன. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை நானூறு பிள்ளைகள் அதைப் பார்க்கிறார்கள். ஒருவரையும் எனக்கு நேரில் தெரியாது. அதனால்தான் அவர்களுக்கு என்னால் சொல்லித்தர முடிகிறது என்று நினைக்கிறேன்.

பெயரைப் புதுப்பிப்பது ஐந்து நிமிட வேலை. ஆனால் அது என் கணக்கில் இல்லை, ஜோதிகாவின் கணக்கில் இருக்கிறது. ஜோதிகா என் கல்லூரித் தோழி. நான் வேதியியல், அவள் கம்ப்யூட்டர் சயின்ஸ். மூன்று வருடம் முன்பு தளத்தைக் கட்டித் தந்தவளும், மூன்று வருடத்துக்குச் சேர்த்துப் பெயரை வாங்கியவளும் அவள்தான்.

"உன் கணக்குக்கே மாத்திக்கோடி. இனிமே என்ன எதுக்குத் தேடிகினு இருக்கணும்?" என்று சொல்லி, சனிக்கிழமை மதியம் பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அம்பத்தூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து அதை அடித்தேன். பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. அந்த எண் 71இல் முடிந்தது. ஜோதிகாவின் எண் 08இல் முடியும்.

அவளுக்கு போன் செய்தேன்.

"எழுபத்தொண்ணா?" என்றாள். "ஐயோ. அது ஸ்ரீராம் நம்பர்டி."

ஸ்ரீராம் அவளுக்கு நிச்சயம் செய்திருந்த பட்டாபிராம் பையன். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் எட்டு மாதம் இருந்தது. அந்த எட்டு மாதமும் யார் போன் நம்பர் கேட்டாலும் அவள் அவன் நம்பரைத்தான் கொடுத்தாள். கண்ணாடிக் கடை, பார்சல், பியூட்டி பார்லர், என் இணையதளப் பெயர். பிறகு கல்யாணம் நின்றுவிட்டது. திருவேற்காட்டில் அவள் வீட்டில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து, கொடுத்ததையும் வாங்கியதையும் பட்டியல் போட்டுத் திருப்பிக்கொண்டார்கள். மோதிரம், பட்டுப்புடவை, வாட்ச், வெள்ளிக் குத்துவிளக்கு. போன் நம்பர் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"நம்பரை மாத்திடலாமே," என்றேன்.

"மாத்து, பாக்கலாம்."

எண்ணை மாற்ற, பழைய எண்ணுக்கு வரும் ஓடிபி வேண்டுமாம். உதவி மையத்துக்கு எழுதினேன். மூன்று வேலை நாளில் பதில் தருவார்களாம்.

ஸ்ரீராமுக்கு நான்கு முறை எழுதி அழித்துவிட்டு, ஐந்தாவது முறை அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "தரேன் நிஷா. ஆனா கணக்கு அவளோடது. அவ கேக்கட்டும்."

"ஆவாது," என்றாள் ஜோதிகா.

"நானூறு பசங்க ஜோதி."

பெருமூச்சு விட்டாள். "நீ நடுவுல இருக்கணும். ஓடிபிய தவிர ஒரு வார்த்த பேச மாட்டேன்."

இருவரையும் ஒரே அழைப்பில் இணைத்தேன். புதிய ஓடிபி கேட்டேன். அது ஐந்து நிமிடம் உயிரோடு இருக்கும்.

"ஓடிபி சொல்லு," என்றாள் ஜோதிகா.

"சொல்லுங்கன்னு கேளு," என்றான் ஸ்ரீராம்.

"இன்னா புதுசா மரியாதை?"

"கல்யாணம் நின்னா மூணாவது மனுஷன்தான?"

"மூணாவது மனுஷன்தான் எங்க அத்தைக்கு தெனம் குட்மார்னிங் அனுப்பினு கீறாரா?"

"அவங்கதான் மொதல்ல அனுப்புனாங்க!"

அவன் எண்ணைச் சொன்னபோது காலாவதியாகியிருந்தது. இன்னும் இரண்டு முயற்சிகள், அதற்குமேல் தவறினால் கணக்கு ஒரு நாள் முழுக்க முடங்கும் என்று திரை எச்சரித்தது. ஒரு நாள் எங்களிடம் இல்லை. அதைச் சொன்னேன். இருவரும் அடங்கினார்கள். அடுத்த ஓடிபி சரியாக வந்தது. உள்ளே போனேன். 'வேறு கணக்குக்கு மாற்று' என்பதை அழுத்தி என் மின்னஞ்சலைக் கொடுத்தேன். பெயரை விடுவிக்க இன்னொரு ஓடிபி கேட்டது. எண் அதேதான்.

"இன்னொண்ணா?" என்றான் ஸ்ரீராம். "நம்ம நிச்சயத்துக்கே ஒரு கையெழுத்துதான் ஆச்சு."

"அதான் நெலைக்கல," என்றாள் ஜோதிகா.

"அது நின்னதுக்குக் காரணம் கையெழுத்தா? சரி, அத உடு. என் ஹெல்மெட்டு எங்க?"

"உங்கம்மா கையில குடுத்தேன். லிஸ்டுல டிக் போட்டாங்க."

"லிஸ்டுல கருப்பு. வந்தது செவப்பு."

"செவப்பு என்னுது!"

"அப்ப என்னுது உன் ஊட்லதான் கீது. ரெண்டு வருஷமா."

"ஹெல்மெட்ட மாத்தி எடுத்துகினு போனது உங்கம்மா..."

திரையில் ஒரு நிமிடம் பத்து விநாடி. ஐம்பது. நாற்பது.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க!"

அது என் குரல்தான். சமையலறையில் அம்மா கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஸ்ரீராம், நம்பர்."

"நாலு, ஒன்பது, ரெண்டு, ரெண்டு, சைபர், ஏழு," என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தான்.

பதினொரு விநாடி மிச்சமிருக்கையில் அடித்து முடித்தேன். வட்டம் சுற்றியது. என் அஞ்சல் பெட்டிக்கு ஒரு கடிதம் வந்தது. அதிலிருந்த இணைப்பை அழுத்தினேன். பெயர் என் கணக்கில் வந்து உட்கார்ந்தது. புதுப்பித்தேன். உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரையும், தொலைபேசி என்ற இடத்தில் என் எண்ணையும் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

"வந்துடுச்சு," என்றேன். "தேங்க்ஸ்."

யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

"நீ நெஜமாவே அந்த செவப்ப போட்டுகினா ஆபீஸ் போற?" என்று ஜோதிகா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேற கீதா? பின்னால ஒட்டியிருந்த பூவ எல்லாம் பிச்சிட்டேன். ஒண்ணு மட்டும் வரவே இல்ல."

ஜோதிகா சிரித்துவிட்டாள். அவன் ஏதோ சொன்னான். அவள் இன்னும் சிரித்தாள்.

அழைப்பை இணைத்தது நான். நான் வைத்தால் இரண்டு பேருக்கும் துண்டித்துவிடும். சார்ஜரைச் செருகி, போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளறைக்குப் போனேன்.