ருசி பார்த்தவர் கையெழுத்து

நசீரின் நாக்குக்குத் திருவொற்றியூரில் ஒரு மரியாதை இருந்தது. கருணாகரனின் பால்பொருள் கம்பெனியில் எந்தப் பாஸந்தி காய்ச்சினாலும், டின்னில் அடைப்பதற்கு முன் அவன் ஒரு ஸ்பூன் வாயில் போட்டுத் தலையாட்ட வேண்டும். அப்புறம்தான் நோட்டில் 'ருசி பார்த்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்து.

ஃப்ரிட்ஜ் இல்லாமலே ஆறு மாதம் கெடாத டின் பாஸந்தி, கருணாகரன் மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு உருவாக்கியது. ரம்ஜான் பெருநாள் விற்பனையைக் குறிவைத்து, 2003-இல் துபாய்க்கு முதல் கன்டெய்னர் போயிற்று. ஊரெல்லாம் சாக்லேட் கொடுத்தார் மனுஷர். பெருநாள் முடிந்த நாலாம் நாள் ஃபேக்ஸ் வந்தது. ஏழாம் பேட்ச் கசக்கிறது, அடிப்பிடித்த ருசி, சரக்கு எதுவுமே வேண்டாம்.

கருணாகரன் நோட்டைப் புரட்டினார். ஏழாம் பேட்சுக்கு நேராக நசீரின் கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது.

"டின்னுல அடைக்கிற வரைக்கும் சரக்கு நல்லாத்தான் இருந்திருக்கு. நசீரே பாத்திருக்கான். அதுக்கப்புறம் ஸ்டீம்ல வேக வெச்சவன்தான் கெடுத்திருக்கான்," என்றார்.

மூடிய டின்களை நீராவியில் வேகவைப்பது பாய்லர் மாரியப்பன். பதினோரு வருஷத்து வேலை அன்று சாயங்காலமே போயிற்று. மாரியப்பன் ஒரு வார்த்தை பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனான். நசீர் பார்த்துக்கொண்டே நின்றான். அத்தனை பேட்சுக்கும் தீர்ப்புச் சொன்ன நாக்கு, அன்றைக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

விஷயம் இதுதான். நோன்பு மாதத்தில் நசீர் ருசி பார்ப்பதே இல்லை. நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டால் தப்பில்லை என்று தண்டையார்பேட்டைப் பள்ளிவாசல் இமாமே சொல்லியிருந்தார். ஆனால் பாஸந்தி என்ன, துப்புகிற சரக்கா? ஒரு சொட்டு உள்ளே இறங்கிவிட்டால்? முதலாளியிடம் சொன்னால் வேறு ஆளைப் போட்டுவிடுவாரோ என்ற பயம் அதைவிடப் பெரிது. ஆகவே நாலு வருஷமாக அந்த ஒரு மாதம் மட்டும் மாரியப்பன் சத்தமில்லாமல் வந்து ஸ்பூனை வாயில் போட்டு, "டக்கரா கீது பாய்" என்பான். நசீர் கையெழுத்துப் போடுவான்.

ஏழாம் பேட்ச் அன்று கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் கிளம்புவதற்குள், சட்டியில் பாலைக் கிளறும் துடுப்பு கால் மணி நேரம் நின்றுவிட்டது. மாரியப்பனால் பாய்லரை விட்டு நகர முடியவில்லை. மறுநாள் கன்டெய்னர் ஏற்றியாக வேண்டும். நசீர் குனிந்து மோந்து பார்த்தான். ஏலக்காய் வாசனை தூக்கலாக அடித்தது. ஏலக்காய் மூக்கை ஏமாற்றும், நாக்கை ஏமாற்றாது. அது தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டான்.

இரண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ரஹீமுன்னிசா தட்டை எடுத்து வைத்துவிட்டு, "பெருநாள் முடிஞ்சும் நோன்பா?" என்றாள். கட்டியவள் விளையாட்டாகக் கேட்டதும் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

ஞாயிற்றுக்கிழமை விம்கோ நகருக்குப் போனான். மாரியப்பன் வீட்டு வாசலில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"வா பாய். டீ சொல்லட்டா?"

"மாரி, அன்னிக்கு நீ ருசி பாக்கல."

"ஆமா. பாய்லராண்ட இருந்தேன்."

"அத்த ஏன் மொதலாளியாண்ட சொல்லாம வந்துட்ட?"

மாரியப்பன் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைத் தேடினான். "சொன்னா மேட்டரு உன் நோன்புல வந்து நிக்கும். நாலு பேரு நாலு விதமா பேசுவான். அது இன்னாத்துக்கு? எனக்கு பாய்லரு எங்க போனாலும் கீது. எண்ணூர்ல கேட்டுகினு கீறேன்."

நசீருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தன் நோன்பைத் தானே காப்பாற்றிக்கொண்டதாக இத்தனை நாள் நினைத்திருந்தான். அதற்காக வேலையையே விட்டுக்கொடுத்தவன் எதிரே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறான். வெட்கம் பிடுங்கித் தின்றது. டீ வருவதற்குள் எழுந்துவிட்டான்.

மறுநாள் காலை சாம்பிள் அலமாரியிலிருந்து ஏழாம் பேட்ச் டின் ஒன்றை எடுத்தான். நோட்டையும் எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போய், அவர் கண்ணெதிரே டின்னைத் திறந்து ஒரு ஸ்பூன் வாயில் போட்டான். கசந்தது. துப்பாமல் விழுங்கினான்.

"இது அடைக்கும்போதே கசந்த சரக்கு மொதலாளி. கரண்ட் போனப்பவே சட்டில அடிப்பிடிச்சிருக்கு. நான் ருசி பாக்கல, நோன்புல இருந்தேன். வருஷா வருஷம் நோன்புல மாரிதான் எனக்காகப் பாப்பான். அன்னிக்கு அவனும் இல்ல. நான் போட்டது பொய்க் கையெழுத்து. வேலைய விட்டு அனுப்பணும்னா என்னைய அனுப்புங்க."

கருணாகரன் நோட்டை மூடினார். பிறகு வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "விம்கோ நகர் போய் மாரியப்பனைக் கையோட கூட்டிட்டு வா," என்றார். டின்னைத் தன் பக்கம் இழுத்து, ஒரு ஸ்பூன் வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார்.

"நாலு வருஷமாவா?"

"ஆமாங்க."

"எனக்கும் நாக்கு இருக்கேப்பா. நோன்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே வந்து பாத்திருக்க மாட்டேனா?"

நசீர் மேஜைமேல் குனிந்து, அவர் பேனாவையே எடுத்து, நோட்டைத் திறந்து ஏழாம் பேட்சுக்கு நேராக இருந்த தன் கையெழுத்தைத் தானே அடித்தான்.