வாயுனு போடு

"மாரடைப்புனு போடாத தாயி. உங் கால்ல வுழறேன்."

செவ்வந்தி, சீட்டு எழுதும் கவுண்டரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த அவள் புருஷன் தீனா உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு அனுப்பும் சீட்டை அடித்துக்கொண்டிருந்த வித்யா நிமிர்ந்தாள்.

"டாக்டர் சொன்னதத்தானேக்கா போடணும்?"

"ஏரில யாருக்கு எந்த நாள் வலைனு ஊர்ல பாடு குலுக்கப் போறாங்கோ. ஆஸ்பத்திரி சீட்டப் பாத்து மார்வலிக்காரன்னு தெரிஞ்சா பேரையே எடுத்துடுவாங்கோ. அப்பால கரைல நின்னு வேடிக்க பாக்கலாம். டாக்டர் எங்கிட்டதான் சொன்னாரு. எம் புருசன், அதுக்கே நான் இன்னும் சொல்லல."

"பின்ன இன்னான்னு போட?"

"வாயுனு போடு. யாருக்கு இல்ல வாயு?"

வித்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோயின் பெயரை மாற்றி அடித்தாள். டாக்டர் போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஊர்க்கூட்டத்தில் சீட்டைப் படித்துவிட்டு, "இதுக்காடா மூணு நாள் படுத்த? பெருங்காயத்தக் கரைச்சுக் குடி!" என்று சிரித்தார்கள். பாடு குலுக்கியதில் தீனா பெயர் நின்றது.

பதினோராம் நாள் வலை இழுக்கையில் படகிலேயே சுருண்டு விழுந்தான். அதே ஆஸ்பத்திரி. டாக்டர் மட்டும் புதுசு. பழைய சீட்டைப் புரட்டினார்.

"வாயுத்தொல்லைதான். ஊசி போட்டு உக்கார வைங்க."

"ஐயோ, அது மாரடைப்பு சார்! நாந்தான் மாத்தி எழுதச் சொன்னேன்."

"ஏம்மா வித்யா, இன்னா சொல்றாங்க இவங்க?"

வித்யா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எழுதியிருக்கறதுதான் சார். பயத்துல உளர்றாங்க."

"சரி, எதுக்கும் ஈசிஜி எடுப்போம். எடுக்கற ஆளு சாப்ட்டு வரட்டும்."

ஆள் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் தீனா பெஞ்சிலேயே அடங்கிப்போனான்.

பிணம் வீடு வந்தது. அவன் அக்கா மனோரமா ஓடிவந்து செவ்வந்தியின் கொண்டையைப் பிடித்தாள்.

"வாயுல எவன்டி செத்தான், எந்த ஊர்ல? எந் தம்பிக்குக் கஞ்சில இன்னாடி கலந்து குட்த?"

"சாமி சத்தியமா ஒண்ணும் கலக்கல அண்ணி! அதுக்கு மாரடைப்பு. டாக்டரே சொன்னாரு."

"எப்போ சொன்னான்?"

செவ்வந்தி கொண்டையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள்.

"எப்போடி?"

"மொத வாட்டியே."

ஒப்பாரி நின்றுபோயிற்று. மனோரமா கொண்டையை விட்டாள்.

"தெரிஞ்சேவா தண்ணிக்கு அனுப்ச்ச? அதுக்கு வெசமே வெச்சிருக்கலாமேடி, பாவி. வலை இழுக்கற நோவாவது இல்லாம போயிருப்பான்."

இரண்டு பெண்கள் செவ்வந்தியைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, தெருவில் கொண்டுபோய் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே மறுபடி ஒப்பாரி எழுந்தது. அவள் தெருவில் உட்கார்ந்தபடியே மாரில் அடித்துக்கொண்டாள்.