வாயில் மிஞ்சிய பேர்

லமிசி அக்காதான் சூனியம் வச்சு அண்ணனைத் தின்னுட்டான்னு ஊரே சொல்லுது. சொல்லிட்டுப் போகட்டும். என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும், ஏன்னா செஞ்சவன் நான்.

என் பேரு முமுனி. வடக்கே எங்க ஊரு யெண்டியிலேருந்து வள்ளிக்கிழங்கு ஏத்திக்கிட்டு தெற்கே தலைநகரம் அக்ரா போறது, காலி லாரியோட திரும்புறது, இதுதான் என் பொழப்பு. கிழங்கும் அண்ணனோடது, லாரியும் அண்ணனோடது. நபாரின்னு அவர் பேரைச் சொன்னா சந்தையில பாதிப் பேரு எழுந்து நிப்பாங்க. நாங்க பதினாறு பேரு அந்த ஒரு மனுஷன் நிழல்ல உக்காந்து தின்னுக்கிட்டு இருந்தோம்.

கொரோனா வந்த வருஷம் அக்ராவை இழுத்து மூடினாங்க. ஆனா சாப்பாடு ஏத்துற லாரியை மட்டும் விட்டாங்க. அங்கே கிழங்குச் சந்தையில லாரிக்காரங்க எல்லார் மூக்குலயும் குச்சியை விட்டு எடுத்துட்டுப் போனாங்க. மூணு நாள் கழிச்சுப் போன் வந்துச்சு. "உனக்கு இருக்குப்பா. பதினாலு நாள் இருந்த இடத்தை விட்டு நகராதே. ஆள் அனுப்பறோம்."

எனக்கு என்ன இருந்துச்சு? ஒரு நாள் உடம்பு வலி, ரெண்டு தும்மல். இதுக்குப் போய் யாரோ ஊர்ல அடைஞ்சு கிடக்கணுமா? போனை அணைச்சேன், வண்டியைக் கிளப்பினேன். வழியில போலீஸ்காரன் நெத்தியில காய்ச்சல் கருவியை வச்சுப் பார்ப்பான்னு தெரியும். முன்னாடியே ரெண்டு மாத்திரை போட்டு முகத்தைப் பச்சைத் தண்ணியில கழுவிக்கிட்டேன். எம்மாம் பெரிய புத்திசாலி பாருங்க நான்!

வீட்டுக்குள்ள கால் வச்சதும் அண்ணன் கூப்பிட்டாரு. "வாடா, கையைக் கழுவு. களி ஆறுது."

எங்க ஊர்ல அண்ணன் தம்பி ஒரே வட்டில்லதான் கை வைப்போம். தனித்தட்டு கேட்டா, 'இன்னையிலேருந்து நீ யாரோ நான் யாரோ'ன்னு அர்த்தம். காரணம் கேப்பாங்க. காரணத்தைச் சொன்னா நாளைக்கு எங்க கிழங்கை ஒரு நாயும் மோந்து பார்க்காது. நான் தட்டு கேக்கலை. உக்காந்து அவரோட சாப்பிட்டேன். நல்ல மீன் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டாரு.

ஆறாம் நாள் அவருக்குக் காய்ச்சல். மலேரியான்னாங்க. மருந்துக்கடை மாத்திரை வாங்கிக் குடுத்தோம். அவருக்கு ஏற்கெனவே பிரஷர் வேற உண்டு. 'நல்லாத்தானே இருக்கேன்'னு அந்த மாத்திரையை நோன்புக்கு முன்னாடியே நிறுத்திட்டாரு.

பார்த்துக்கிட்டது லமிசி அக்கா. எங்க அப்பாவோட மூத்த தாரத்து மக. புருஷன் செத்தப்புறம் நாலு வருஷமா எங்க வீட்டோட இருந்துச்சு. பிள்ளை குட்டி கிடையாது, வாய் மட்டும் ஊருக்கே போதும். அண்ணனைத் தூக்கி வளர்த்தது அதுதான். அண்ணனோட பெண்டாட்டி மெமுனா அண்ணி இருமலுக்குப் பயந்து வாசப்படியோட நின்னுக்கிட்டாங்க. அக்காதான் உள்ளே போகும்.

"எந்திரிடா மலைமாடு! கஞ்சி குடி. உனக்கு ஊட்டிவிட நான் என்ன உன் ரெண்டாம் பெண்டாட்டியா?"

"நீ ஊட்டினா கம்பங்கஞ்சியும் கசக்குது."

"கசக்கும், கசக்கும். சாவுக்குப் போன வீட்டுலயும் சாப்பாட்டுக்குக் குறை சொன்னவன்தானே நீ."

பதினோராம் நாள் காலையில நான் முற்றத்துல டயருக்குக் காத்து அடிச்சுக்கிட்டு இருந்தேன். உள்ளேருந்து அண்ணன் சத்தம், "லமிசி, தண்..." பாதியில நின்னுச்சு. ஓடினேன். செம்பு கீழே உருண்டு கிடக்கு. வலது கை தொங்குது. வாய் ஒரு பக்கமா இழுத்து எச்சில் வழியுது. கண்ணு மட்டும் என்னையே பார்க்குது.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்குடா!"ன்னு கத்துனது அக்கா ஒண்ணுதான். தியும்பா பெரியப்பா விடலை. குடும்பத்துக்கு அவர்தான் தலை. "நல்லா இருந்த மனுஷன் ஒரு நொடியில மரமா ஆனா அது ஆஸ்பத்திரி நோய் இல்லை"ன்னாரு. ஓதிப் பார்க்கிற மல்லம்கிட்ட தூக்கிட்டுப் போனோம். அவரு பலகையில ஓதல் எழுதி, அதைக் கழுவின மைத்தண்ணியைக் குடிக்கச் சொன்னாரு. அண்ணனால முழுங்க முடியலை. பாதி கடைவாயில ஒழுகுச்சு, பாதி நெஞ்சுக்குள்ள போய் மூச்சு திணறுச்சு. அந்தப் பகல் முழுசும் அப்படியே போச்சு.

மறுநாள்தான் ஆஸ்பத்திரி. முகத்தை முழுக்க மூடின ஒரு டாக்டரம்மா என்னைத் தனியா கூப்பிட்டாங்க. "இது பக்கவாதம். காய்ச்சலும் இருமலும் இருந்திருக்கு, நெஞ்சிலயும் சளி. எனக்குக் கொரோனாதான்னு படுது. அது வெறும் இருமல் இல்லப்பா, சிலருக்கு ரத்தத்தையே உறைய வைக்குது. அந்தக் கட்டி மூளைக்கு ஏறியிருக்கு. வீட்டுக்கு அக்ராவுலேருந்து யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலையே."

"நேத்தே ஏன் கொண்டு வரலை?"

"நேத்தே வந்திருந்தா சரியாகியிருக்குமா?"

"கட்டியைக் கரைக்கிற ஊசி இங்கே கிடையாது. இருந்தாலும் நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். ஆனா மூச்சுக்குள்ள தண்ணி போகாம காப்பாத்தியிருப்பேன்." அப்புறம் சொன்னாங்க, "இன்னொண்ணு. பேச்சு போயிடுச்சு. சிலருக்கு ஒரே ஒரு சொல்லு மட்டும் மிஞ்சும். பசிச்சாலும் அதுதான், வலிச்சாலும் அதுதான். அதுக்கு அர்த்தம் தேடாதீங்க. வீட்டுல இருக்கிறவங்களுக்கும் சொல்லிடு."

நானும் சோதிச்சுப் பார்த்தேன். "அண்ணே, தண்ணி வேணுமா?" "லமிசி." "உன் பேரு என்னண்ணே?" "லமிசி." சாவியைத் தூக்கிக் காட்டினேன். "லமிசி"ன்னு சொல்லிட்டு, தப்பா சொல்லிட்டோம்னு தெரிஞ்சு அழுதாரு. வேற சொல்லுக்கு அவரு வாயைத் திறக்கிறதும், அதே பேரு வந்து விழுறதும், அவரே திகைக்கிறதும்! பார்க்கச் சகிக்கலை.

அவரு மூக்குலயும் குச்சி விட்டு எடுத்தாங்க. முடிவு வர மூணு நாள். போன் நம்பர் கேட்டாங்க, தப்பான நம்பர் குடுத்தேன். பேட்டை கேட்டாங்க, தப்பான பேட்டை சொன்னேன். பெரியப்பா வந்து "போதும், வீட்டுக்குத் தூக்கு"ன்னதும் முதல் ஆளா நான்தான் கையெழுத்துப் போட்டேன். முடிவு வரும்போது நாங்க அங்கே இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என் கவலை.

வீட்டுல யாருக்கும் நான் எதையும் சொல்லலை. நோயையும் சொல்லலை, அந்தச் சொல்லைப் பத்தியும் சொல்லலை. ஒண்ணைச் சொன்னா இன்னொண்ணு வரும். இன்னொண்ணு வந்தா அக்ரா வரும்.

வெள்ளிக்கிழமை. பள்ளிவாசல் பூட்டிக் கிடந்ததால ஆம்பளைங்க எல்லாரும் எங்க முற்றத்துலயே கூடிட்டாங்க. அண்ணனைச் சுவர்ல சாய்ச்சு உக்கார வச்சிருந்தோம். பெரியப்பா அவர் முன்னாடி குந்தினாரு. எங்க பக்கம் வழக்கம் அது. சூனியம் வச்சது யாருன்னு படுத்தவன்கிட்டயே நேரடியாக் கேப்பாங்க. அவன் வாயால ஒரு பேரு வந்துட்டா அதுக்கு மேல விசாரணை கிடையாது.

"நபாரி, நாங்க எல்லாரும் இருக்கோம். பயப்படாதே. உன்னைப் பிடிச்சிருக்கிறது யாரு?"

என்ன வரப்போகுதுன்னு அந்தக் கூட்டத்துல எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்திருக்கலாம். 'பெரியப்பா, எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாரு'ன்னு ஒரு வரி போதும். நான் குனிஞ்சு அண்ணன் போர்வையைச் சரி பண்ணினேன்.

"லமிசி"ன்னாரு அண்ணன்.

அடுப்படியிலேருந்து அக்கா சிரிச்சுக்கிட்டே செம்போட ஓடி வந்துச்சு. "இதோ வந்துட்டேன்டா ராசா. தண்ணியா?"

எல்லாரும் அக்காவையே பார்த்தாங்க. அக்காவுக்குப் புரியலை. குந்தி அவர் வாயில தண்ணி வைக்கப் போச்சு. பெரியப்பா செம்பைத் தட்டிவிட்டாரு.

"மறுபடி சொல்லு நபாரி. யாரு?"

"லமிசி. லமிசி! லமிசி!" இல்லைன்னு சொல்லத்தான் பார்த்தாரு. இடது கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாரு. ஆட்டின கை அக்காவையே காட்டுச்சு.

அப்புறம் நடந்ததைச் சொல்லவே கூசுது. பக்கத்து வீட்டுக்காரன் முதல் கல்லை எறிஞ்சான். போன வாரம் அக்கா கையால கஞ்சி வாங்கிக் குடிச்சவன் அவன். மெமுனா அண்ணி அக்காவோட துணி மூட்டையைத் தூக்கி வெளியே வீசினாங்க. "என் புருஷனை நீயே வச்சுக்கிட்டு உள்ளேயே இருந்தியேடி! இதுக்குத்தானா?" அக்கா நெத்தியில ரத்தத்தோட நின்னு, "நபாரி, சொல்லுடா. இவங்ககிட்ட சொல்லுடா"ன்னு கெஞ்சுச்சு. அவரு சொன்னாரு. அதையேதான் சொன்னாரு.

"முமுனி, வண்டியை எடு"ன்னாரு பெரியப்பா.

சூனியக்காரின்னு விரட்டின பொம்பளைங்க இருக்கிற ஊரு ஒண்ணு வடக்கே இருக்கு. அங்கேதான். அக்காவைக் கிழங்குச் சாக்கோட பின்னாடி ஏத்தினாங்க. போகப் போக அது இருமுற சத்தம் என் காதுல விழுந்துக்கிட்டே இருந்துச்சு. அந்த இருமல் யார் குடுத்ததுன்னும் எனக்குத் தெரியும். "நடிக்கிறா"ன்னாரு பெரியப்பா.

அந்த ஊர்ப் பூசாரி கோழி கேட்டாரு. அக்கா தலையை நிமிர்த்திச்சு. "அறுங்க. நான் எதுக்குப் பயப்படணும்?" கோழி துடிச்சு மல்லாந்து செத்தா குத்தமில்லை, குப்புற விழுந்தா குத்தம். யா அல்லா, மல்லாந்து விழட்டும், நான் பேச வேண்டிய வேலை இல்லாமப் போகட்டும்னு கெஞ்சினேன். பாருங்க, அப்போகூட அக்காவுக்காக வேண்டிக்கலை, எனக்காகத்தான் வேண்டிக்கிட்டேன்.

கோழி ரெண்டு தரம் எகிறிச்சு. குப்புற விழுந்துச்சு.

பெரியப்பா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வண்டிப் பக்கம் போயிட்டாரு. நான் மூட்டையை இறக்கிக் குடிசை வாசல்ல வச்சேன். அக்கா மண்ணுல உக்காந்து அந்தக் கோழியையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. அது வாய் அடங்கி நான் பார்த்ததே இல்லை. ரொம்ப நேரம் கழிச்சு என்னை நிமிர்ந்து பார்த்துச்சு.

"முமுனி, உண்மையைச் சொல்லு. எனக்கே தெரியாம நான் செஞ்சிருப்பேனாடா? தூக்கத்துல செய்வாங்கன்னு சொல்றாங்களே. நான் தூங்கும்போது எழுந்து போயிருப்பேனா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியலைக்கா"ன்னேன்.

அது தலையை ஆட்டிக்கிச்சு. "அப்போ செஞ்சிருப்பேன் போல. அவன்கிட்ட சொல்லு, வேணும்னு செய்யலைன்னு சொல்லு. கஞ்சியை ஆறவச்சு, ஒரு பக்கமா சாய்ச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கச் சொல்லு. இல்லேன்னா புரையேறிடும்."

அண்ணன் அதுக்கப்புறம் ஒம்போது நாள் இருந்தாரு. நாள் பூரா வாசலைப் பார்த்து லமிசி, லமிசின்னு கூப்பிட்டாரு. இப்போ நிஜமாவே அக்காவைத்தான் கூப்பிட்டாரான்னு எனக்குத் தெரியலை. ஒவ்வொரு தரமும் வீடே நடுங்குச்சு, 'அங்கே இருந்துக்கிட்டே அவ இவர் கழுத்தை இறுக்குறா'ன்னு. கடைசியில மெமுனா அண்ணி அவர் வாயைத் துணி போட்டுக் கட்டிட்டாங்க. சாப்பாட்டு நேரத்துக்கு அவிழ்த்து, படுக்க வச்சபடியே ஊட்டினாங்க. அக்கா சொல்லி அனுப்பினதை நான் சொல்லலை, சொன்னா சூனியக்காரி வார்த்தையை வீட்டுக்குள்ள கொண்டு வந்துட்டேம்பாங்க. அப்படி ஒரு மத்தியானம் புரையேறி மௌத்தாயிட்டாரு.

மூணாம் நாள் ஓதி முடிச்சதும் என்னால தாங்க முடியலை. லாரிச் சாவியைக் கையில எடுத்துக்கிட்டேன். போய் அக்காவைக் கூட்டிட்டு வந்துடுறதுன்னு முடிவு பண்ணிட்டேன். வீட்டுக்குப் பின்னாடி பெரியப்பா காலைப் பிடிச்சு எல்லாத்தையும் கொட்டினேன். அக்ரா, போன், போலீஸ்காரன், வட்டில், தப்பான நம்பர், டாக்டரம்மா சொன்ன அந்த ஒரு சொல்லு, ஒண்ணு விடலை. "அக்கா ஒண்ணும் செய்யலை பெரியப்பா. நான்தான் கொண்டு வந்தேன்."

அடிப்பாருன்னு நினைச்சேன். அடிக்கலை. என்னைத் தூக்கி நிறுத்தினாரு.

"அக்ராவுல எத்தனை லட்சம் பேரு இருக்கான்?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அத்தனை பேர்ல அந்த நோய் உன்னை ஏன்டா தேடி வந்துச்சு? நாங்க பதினாறு பேரு இங்கே இருக்கோம், அத்தனை பேரையும் விட்டுட்டு அவனை மட்டும் ஏன் சாய்ச்சுச்சு? ஒருத்தி அனுப்பாம அதுக்கு வழி எப்படித் தெரியும்?" என் தலையைத் தடவினாரு. "உன்னையும் கழுதையாக்கி உன் முதுகுல ஏறி வந்திருக்கா அந்தப் பாவி. ஆஸ்பத்திரியில பொய் சொல்ல வச்சதும் அவதான். நீ என்னப்பா செய்வே? அழாதே. இதை வேற யார்கிட்டயும் சொல்லிடாதே."

அவரு சொன்னது பச்சைப் பொய். சொல்லும்போதே எனக்குத் தெரியும். இருந்தும் என் மனசு லேசாச்சு. அதுதான் நடந்துச்சு. ஒரு மாசமா நெஞ்சுல உக்காந்திருந்த கல்லை யாரோ எடுத்து இன்னொருத்தர் தலையில வச்ச மாதிரி இருந்துச்சு. நான் வேணாம்னு சொல்லலை.

சாவியை ஆணியில மாட்டிட்டு, முகத்தைத் துடைச்சுக்கிட்டு, வந்தவங்களுக்குச் சோறு பரிமாறப் போனேன்.