மஞ்சள் மூடிய விரிசல்

டமார் என்று அதிர்வேட்டு வெடித்தது. நெல்லித்தோப்பு வீட்டின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. விஜயதசமி, அம்மன் குதிரை வாகனத்தில் கிளம்பிவிட்டாள். இனி திடலுக்கு வந்ததும் அம்பு போடுவார்கள்.

சட்டையை மாட்டிக்கொண்டே விஜயராகவன் அறை மூலையைப் பார்த்தார். சாய்த்து வைத்திருந்த குச்சியைக் காணவில்லை.

"ரஞ்சிதம், இங்க ஒண்ணு தனியா இருந்துச்சே?"

"அதுவும் கோயிலுக்குப் போயிடுச்சு," என்றாள் மனைவி. "அம்புங்கள எண்ணிப் பாத்தா எரட்டப்படையா வந்துச்சு. சாமி காரியத்துக்கு எரட்டப்படையா குடுப்பாங்களா? அதையும் சேத்து மஞ்ச பூசி தம்பிகிட்ட குடுத்துட்டேன். நல்ல வேள, நானாவது பாத்தேன்."



வருஷா வருஷம் நொச்சி விளார்களை வெட்டி, நிழலில் உலர்த்தி, தணலில் வாட்டி நிமிர்த்தி அம்பு செய்து தருவது விஜயராகவன்தான். இந்த முறை ஒரு விளாரைச் சூடு ஏறுமுன்பே அவசரப்பட்டு வளைத்துவிட்டார். மெல்லிய விரிசல். அடுப்புக்கு ஆகட்டும் என்று மூலையில் வைத்தார். வில்லில் ஏற்றி எய்தால் அது பிளந்து, வில்லைப் பிடித்த கையிலேயே பாயும். மஞ்சள் பூசிய பிறகு யார் கண்ணுக்கு விரிசல் தெரியும்?

இந்த வருஷம் அம்பு போடுவது ரஞ்சிதத்தின் தம்பி சந்திரமோகன். எலக்ட்ரீஷியன், கைதான் அவன் பிழைப்பு.

"அவனுக்குப் போன் போடு."

"சாமி முன்னாடி போனை எடுப்பானா? இன்னாங்க, எதுக்கு இப்படி வேர்க்குது?"

அவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். தெருமுனையிலேயே கூட்டம் மறித்தது. வண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். மேளம் நின்றுபோயிருந்தது.

திடல் நடுவே சந்திரமோகன் நாணை இழுத்தபடி நின்றான். அம்பை விடவில்லை. உடம்பெல்லாம் நடுங்கியது.

"அம்மன் எறங்கிட்டா," என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"கிட்ட போவாதய்யா, அருள் வந்திருக்கு," என்று பூசாரி குறுக்கே வந்தார்.

அவரை விலக்கிக்கொண்டு போனார் விஜயராகவன். அம்பின் வால்பக்கம் மஞ்சள் பிளந்து வெள்ளைக் கோடு தெரிந்தது. மச்சான் விரல்களின் மேல் தன் இரண்டு கைகளையும் வைத்து நாணைப் பற்றினார். இருவருமாக மெல்ல மெல்ல அதை இறக்கினார்கள்.

சந்திரமோகன் அவர் தோளில் சரிந்தான்.

"அருளு இல்ல மாமா... இழுத்தப்பறம் அம்பு பொளந்து கன்னத்துல செராய் குத்துச்சு. விடவும் பயம், எறக்கினா நாணு நழுவிடுமோன்னும் பயம்."