தகப்பன் தூக்கிய கொடி

பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்டத்துக்கு நடுவர் ஒருவர்தான் வருவார். கோட்டோரம் கொடி பிடிப்பதற்கு இரண்டு அணியும் தங்கள் பெற்றோரில் ஒருவரைத் தரவேண்டும். அந்தச் சனிக்கிழமை டென்மார்க்கின் சில்க்போர்க் மைதானத்தில் பயிற்றுநர் கொடியை நீட்டியதும், மற்ற அப்பாமார் எல்லாரும் கோப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கிவிட்டார்கள். ஜோன்சன் மட்டும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றான். மாட்டிக்கொண்டான்.

ஓவ்சைட் சட்டம் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. மன்னாரில் பந்தடித்தவன் அல்லவா? சக வீரர் பந்தை உதைக்கிற அந்தக் கணத்தில், பந்தையும் தாண்டி, எதிரணியின் கடைசித் தடுப்பாளரையும் தாண்டிப் போய், கோல்காப்பாளர் மட்டுமே எதிரில் இருக்க நின்றால் ஓவ்சைட். தடுப்பாளருக்கு நேராக நின்றால் குற்றமே இல்லை. பந்து வந்து சேரும்போது எங்கே நிற்கிறார் என்பதும் கணக்கில் இல்லை. சந்தேகம் வந்தால் கொடி கீழேயே இருக்கவேண்டும். இவ்வளவையும் மனைவி கிளோறியாவுக்குச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் வைத்துப் படிப்பித்தவனே அவன்தான்.

ஆனால் அவனிடம் ஒரு வியாதி இருந்தது. தொழிற்சாலையில் அவன் பொறுப்பாளன். தன் ஆட்களுக்குச் சலுகை காட்டுகிறான் என்று டேனிஷ்காரர் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, ஆகக் கடினமான வேலைகளைத் தேடித்தேடித் தமிழ் ஆட்களுக்கே போடுவான். ஒருவரும் சொல்லாத குற்றச்சாட்டுக்கு முன்கூட்டியே தண்டனை! அதுவும் யாருக்கு? கிளோறியா இதைச் சொல்லிச் சொல்லி வாய் நொந்துபோனாள்.

மகள் றோஸ் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அன்றுதான் முதல்முறை களமிறங்கினாள். ஒரு குளிர்காலம் முழுவதும் வீட்டு மாடிப்படியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி இறங்கிப் பயிற்சி செய்த பிள்ளை. இரண்டாம் பாதி நடுவில், ஒன்றுக்கொன்று என்று கோல் கணக்கு சமமாக இருந்தபோது அவளை இறக்கினார்கள். அவளுடைய அணி இப்போது ஜோன்சன் நின்ற பக்கமாகத்தான் தாக்கிக்கொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் விபோர்க்கிலிருந்து வந்த எதிரணியின் பெற்றோர். அவர்களில் தொப்பி போட்ட ஒருவர், உன் பிள்ளை எது என்று சிநேகமாகக் கேட்க, இவனும் பெருமையோடு கையைக் காட்டியிருந்தான்.

நடுக்களத்திலிருந்து பந்து உதைபட்டது. அந்தக் கணத்தில் றோஸ் கடைசித் தடுப்பாளருக்குத் தோளுக்குத் தோள் நேராக நின்றாள். ஜோன்சன் அதைக் கண்ணாரக் கண்டான். பந்து போய்ச் சேர்ந்தபோது அவள் வெகுதூரம் முன்னால் ஓடியிருந்தாள். ஒரே உதை. கோல்.

பின்னாலிருந்து “ஓவ்சைட்!” என்று நாலைந்து குரல் எழும்பியது. ஜோன்சனின் கை தானாக உயர்ந்தது. நடுவராக வந்த இளம்பெண் கொடியைப் பார்த்தாள், விசில் ஊதினாள். கோல் போயிற்று.

றோஸ் சண்டை பிடிக்கவில்லை. தகப்பனை ஒருமுறை பார்த்தாள். பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டு திரும்பி நடந்தாள். 

பக்கத்தில் நின்ற கிளோறியா மெதுவாகத்தான் கேட்டாள். “அவள் நேரைதானே நிண்டவள்?”

“ஓம்.”

“பிறகேன் தூக்கினீங்கள்?”

 கண் ஒன்று கண்டது, பயம் வேறொன்று செய்தது. பெற்ற பிள்ளை வியர்வை சிந்தி எடுத்ததை, தன் நல்ல பெயருக்காகத் தானே பறித்துக்கொடுத்திருக்கிறான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. எதிரணிக் கோல்காப்பாளர் ஃப்ரீகிக் அடிக்கப் பந்தை வைத்துக்கொண்டிருந்தாள். அது உதைபட்டுவிட்டால் தீர்ப்பை மாற்ற முடியாது. அவன் கொடியும் கையுமாக மைதானத்துக்குள் ஓடினான்.

மூச்சு வாங்க, தான் பிழை விட்டுவிட்டதாகவும் பிள்ளை நேராகவே நின்றதாகவும் நடுவரிடம் டேனிஷில் சொன்னான். நிச்சயமா என்று அவள் கேட்டாள். நிச்சயம் என்றான். அப்படியானால் ஏன் கொடியைத் தூக்கினாய் என்று கேட்டாள்.

“அவள் என்ரை மகள். பக்கம் சாயிறன் எண்டு சொல்லுவினம் எண்ட பயத்திலை தூக்கிப்போட்டன்” என்பதைத் தனக்குத் தெரிந்த டேனிஷில் ஒருவாறு சொல்லி முடித்தான்.

 நடுவர் கையை நடுக்கோட்டுப் பக்கம் நீட்டினாள். கோல்!

திரும்பி வரும்போது கோட்டோரம் கொதித்துக்கொண்டிருந்தது. தொப்பிக்காரர் எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, தகப்பன் கையில் கொடி இருந்தால் இதுதானே நடக்கும் என்றார். ஜோன்சன் வாழ்நாள் முழுக்க எந்தச் சொல்லுக்குப் பயந்து பயந்து நடந்தானோ, அதே சொல்.  ஆனாலும் தன் இடத்தில் போய் நின்றான். நின்று, ஓம், நான்தான் தகப்பன், அவள் நேராகத்தான் நின்றாள் என்று அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

நடுக்கோட்டுக்குப் போகும் வழியில் றோஸ் அவனருகே வந்தாள். எதற்கும் டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை, பின்னால் நிற்பவர்களுக்கு விளங்கக்கூடாது என்றோ என்னவோ, தமிழில் சொன்னாள்.

“அப்பா, அவையளைப் பாக்காதீங்கோ. என்னைப் பாருங்கோ.”